எட்டா, பதினாறா? கேளுடே பேராண்டி

வாடே பேராண்டி, இப்படி உக்காரு. புது லேப்டாப்புல 32 ஜிபி ரேம் இருந்தாத்தான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே, உங்க அம்மை சொன்னா. படிக்கது பி.காம். ஓட்டுறது எக்ஸெல்லும் டேலியும். மிச்ச நேரம் கிரிக்கெட்டு. இதுக்கே 32 வேணும்னா, மகேந்திரகிரியில ராக்கெட் இஞ்சினைச் சோதிக்கிறவன் எவ்வளவு கேப்பானோ, பாவம்.

'தாத்தாவுக்கு என்ன தெரியும்'னு உள்ளுக்குள்ள சிரிக்காத. உங்க மாமன் ரிப்பேர் கடை பெஞ்சுல ஓசி டீ குடிச்சே பாதி இஞ்சினியர் ஆயிட்டேன் நானு.

கடையில போயி மெமரி எவ்வளவுன்னு கேட்டேன்னா, அந்தப் பையன் கண்ணைச் சிமிட்டாம "512 இருக்கு சார்"ம்பான். பல்லைக் காட்டிக்கிட்டுப் பில்லு போட்டுராத. அவன் சொல்லுதது எஸ்எஸ்டி. அது குதிரு, நெல்லைக் கொட்டி வைக்கிற எடம். ரேமுங்கிறது களம். குதிரு எம்புட்டுப் பெருசா இருந்து என்ன, கதிரைக் களத்துலதானே அடிக்கணும்? களம் ஒரு பாய் அகலம்னா, பாதிக் கட்டை உள்ள தூக்கிட்டுப் போயி வைக்கவும், மறுபடி தூக்கிட்டு வரவுமே பொழுது சாஞ்சிரும். மெஷினும் இதைத்தான் செய்யுது. ரேம் நெறஞ்சா எஸ்எஸ்டியில ஒரு மூலையைப் பிடிச்சு அங்க தள்ளி வைக்கும். எஸ்எஸ்டி வேகந்தான், இல்லேங்கல. ஆனா ரேமு பக்கத்துல அது நிக்க முடியாது. ஹேங் ஆகுது, ஹேங் ஆகுதுன்னு நீ மேசையில குத்துவியே, அப்போ பெரும்பாலும் உள்ள இந்தக் கூத்துதான் நடக்கும்.

எவ்வளவு வேணும்னு என்னையக் கேக்காத, உன் பழைய டப்பாவைக் கேளு. வழக்கமா நீ தொறந்து போடுறது அம்புட்டையும், மூடவே மூடாத அந்த குரோம் டேபுக பூராத்தையும் சேத்து, ஓட விடு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸுல மெமரியைப் பாரு. எந்நேரமும் எண்பது சதவீதத்துக்கு மேலயே நின்னுதுன்னா இடம் பத்தலைன்னு அர்த்தம். பாதியிலேயே படுத்துக் கிடந்துச்சுன்னா, மிச்சக் காசுல உங்க ஆச்சிக்கு ஒரு சேலை எடு.

எட்டுன்னு அட்டையில போட்டிருந்தா எட்டும் உனக்குன்னு நெனைக்காத. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின், படங்காட்டுறதுக்கு அதுலயே ஒரு பங்கைப் பிடுங்கிக்கும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும்னு மைக்ரோசாஃப்ட்டே எழுதி வச்சிருக்கான். போதுந்தான், ஆன் பண்ணி அழகு பாக்கதுக்கு. அவனே 2024ல கோபைலட் பிளஸ் பிசின்னு முத்திரை குத்தணும்னா 16க்குக் கொறையப்படாதுன்னுட்டான். எட்டே ஏகப்பட்டதுன்னு சாதிச்ச ஆப்பிள்காரனும் அதே வருசம் அக்டோபர்ல மேக்புக் ஏருக்கு 16 ஆக்கிட்டான், விலையைக்கூட ஏத்தாம! அவனே எறங்கி வந்துட்டான், 32 வேண்டாம்னதும் நீ எட்டுக்குத் தாவிராத.

இன்னொரு சங்கதி, இதை எந்தக் கடைக்காரனும் தானா சொல்ல மாட்டான். போன மாசம் உங்க மாமன் கடைக்கு ஒரு பிள்ளை, அப்பளம் மாதிரி மெலிசா ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து, ரேம் கூட்டிப் போடுங்கண்ணேன்னுது. பழைய மெஷின்னா அடிமூடியைக் கழட்டி, ரெண்டு பக்கத்துக் கவ்வியையும் நகத்தால வெலக்கினா, வெரல் நீளத்துக்கு அந்தப் பச்சைப் பட்டை சாஞ்சு எந்திரிச்சு நிக்கும். உருவிட்டு வேற சொருகலாம். இதுல மூடியைத் தொறந்தா ஸ்லாட்டே இல்ல. சிப்பை போர்டோட வச்சு ஈயம் பத்தவச்சிருக்கான். உங்க மாமன் திரும்ப மூடி, ஸ்க்ரூவை மாட்டி, காசு வாங்காம அனுப்பிட்டான். அவன் காசு வாங்காததை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

அதனால ஸ்லாட் இருக்கா, எத்தனை காலியா இருக்கு, டிடிஆர் நாலா அஞ்சா, இதைக் கேக்காம கார்டை நீட்டாத. நாலு போடுற எடத்துல அஞ்சு நுழையாது. "இப்ப எட்டு, பொறவு கூட்டிக்கலாம்"னு கணக்குப் போடுறதும் இப்ப சரிப்படாது. ஏஐக்காரன் டேட்டா சென்டர் டேட்டா சென்டரா அள்ளிட்டுப் போறதுல, 2025 கடைசியிலேருந்து ரேம் விலை எகிறிப்போச்சு.

4கே கல்யாண வீடியோ எடிட் பண்ணுறவன், ஒரு மெஷினுக்குள்ள நாலு மெஷின் ஓட்டுறவன், ஏஐ மாடலை வீட்டுலயே இறக்கி ஓட்டுறவன், இவனுக 32 கேட்டா நான் வாயே தொறக்க மாட்டேன். உனக்குப் பதினாறு, அதுவே தாராளம். ஸ்லாட் இல்லாத மெஷின்ல எட்டைச் சும்மா குடுத்தாலும் வேண்டாம்னுட்டு வா.

புதுசு வந்ததும் அந்தப் பழைய டப்பாவைப் பரண்ல போட்டுராத. எனக்கு எட்டு ஜிபி போதும், சார்ஜரோட கொண்டுவந்து குடு.