வேதச்சிரேணியில் ஒரு பின்னச்சு: கால் நூல் கோணல் குறித்த ஆய்வு

சென்னையில் அட்ஜஸ்ட் ஆகாத பொருள் ஏதேனும் உண்டா என்பதே இவ்வாய்வின் முதல் வினா. மூவர் உட்காரும் இருக்கைக்கு நாலாமவர் வந்து நின்றால் நகர்ந்து இடம் விடுகிறோம். செவ்வாய்க்கிழமை வரவேண்டிய தண்ணீர் லாரி வியாழக்கிழமை வந்தால் குளியலை நகர்த்திக்கொள்கிறோம். மண்டபத்துக்காரர் கெடு வைத்தால் முகூர்த்தமே அரைமணி முன்னால் வந்துவிடுகிறது. இத்தனை நெகிழ்ச்சி கொண்ட ஊரில், வேளச்சேரிக்காரனாகிய நான், வீல் அலைன்மென்ட் கடை ஒன்றில் ஒருநாள் இந்த வாக்கியத்தைக் கேட்டேன்: “பின்னாடி வீலுக்கு அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது சார்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இக்கட்டுரை அதன் விளைவு.

ஆய்வுப் பொருள் என் அக்கா மகனின் வண்டி. செகண்ட் ஹேண்ட், சிவப்பு, ஹாட் ஹேட்ச் என்னும் இனத்தைச் சேர்ந்தது. காய்கறி வாங்கப் போகிற சின்ன வண்டிக்குள் பந்தயக் காரின் ஆவி புகுந்தால் அதற்கு ஹாட் ஹேட்ச் என்று பெயர். 1976இல் வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.தான் இக்குலத்தின் மூதாதை என்பது பெரும்பான்மைக் கருத்து. நம் நாட்டில் 2015இல் புன்டோ அபார்த் 145 குதிரைத்திறனோடு வந்துபோனது. 2021இல் ஐ20 என் லைன், நமக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையிலேயே பிறந்தது. அதே ஊரில்தான் 1990 முதல் மெட்ராஸ் மோட்டார் பந்தயத் தடமும் இருக்கிறது. சுற்று ஒன்றுக்கு 3.7 கிலோமீட்டர். என் மருமகன் அங்கே ஒருமுறைகூடப் போனதில்லை. ஆயினும் அவன் வண்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘டிராக்’ என்ற சொல் சராசரியாக இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை வரும்.

இனி உடற்கூறு. இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் டார்ஷன் பீம் எனப்படும் ஒற்றை உறுப்பால் ஆனது. இரண்டு கைகள் பின்னோக்கி நீண்டிருக்கும்; குறுக்கே ஒரு தண்டு அவற்றை இணைக்கும். அது வளையாது, ஆனால் முறுக்கினால் முறுகும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி மற்றது மேட்டில் ஏறினால் இந்தத் தண்டு துணி பிழிவதைப்போல் முறுகி இரண்டையும் சமாதானப்படுத்தும். உடலோடு அதற்குள்ள தொடர்பு இரண்டே இரண்டு ரப்பர் புஷ். கைகளின் கடைசியில் தகடு; தகட்டில் நாலு போல்ட்; போல்ட்டில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்பது தொழிற்சாலையில் வெல்டிங் வைத்த அன்றே தீர்மானமாகிவிட்டது. திருக வேண்டுமென்றால் மல்டிலிங்க் அமைப்பு வேண்டும். கோல்ஃபுக்கு அது ஐந்தாம் தலைமுறையில், 2003இல் வந்தது. அந்தக் குலத்து ஜி.டி.ஐ. 2025இல் இந்தியாவுக்கும் இறக்குமதியானது. விலை அரைக்கோடி ரூபாய்க்கு மேல். பின்சக்கரத்தை அட்ஜஸ்ட் செய்யும் உரிமை எவ்வளவு பெறும் என்று இதனால் அறிக.

டார்ஷன் பீம் தாழ்ந்த சாதி என்று சொல்வாரும் உளர். அவர்களுக்கு விடை: 2019இல் ரெனோ மெகான் டிராஃபி ஆர் என்னும் வண்டி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 40.1 நொடியில் சுற்றி முன்சக்கர இழுவை வண்டிகளுக்கான சாதனையைப் படைத்தது. அதன் பின்பக்கம் டார்ஷன் பீம்.

இப்போது பெயராய்வு. வேளச்சேரியின் பழம்பெயர் வேதச்சிரேணி என்பது தலபுராண மரபு. ‘சிரேணி’ என்றால் வடமொழியில் வரிசை. சக்கரங்களை வரிசைக்குக் கொண்டுவரும் கலையைத்தான் அலைன்மென்ட் என்கிறோம். ஊரின் பெயரிலேயே கடைப்பலகை இருக்கிறது. இது போதாதென்றால், மார்க்கண்டேயன் விவகாரத்தில் தண்டத்தைப் பறிகொடுத்த எமன் அதைத் திரும்பப் பெற்றதும் இந்த ஊர் தண்டீஸ்வரர் சந்நிதியில்தான். தண்டில் கோளாறு வந்தவர்கள் வேளச்சேரிக்கு வருவது தொன்றுதொட்ட வழக்கம் என்பது இதனாற் பெறப்படும். தண்டம் வேறு, தண்டு வேறு என்று என் மனைவி மறுக்கிறாள். அக்கருத்து அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்.

வண்டிக்கு வந்த நோய் இது. மழைத் தண்ணீருக்கு அடியில் கிடந்த ஒரு பள்ளத்தில் இடது பின்சக்கரம் விழுந்தது. மறுவாரம் ஸ்டீயரிங்கைச் சற்று இடப்புறம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. காரணம் எளிது: முன்சக்கரங்கள் மனு கொடுக்கும், தீர்ப்பு எழுதுவது பின்சக்கரங்கள். பின்னச்சு ஒருபக்கம் பார்த்தால் வண்டி நண்டுபோல் நடக்கும். கடையில் கணினித் திரை இடது பின்சக்கரத்தைச் சிவப்பில் காட்டியது. டோ அவுட் 18 நிமிடம். இது மணிக்கணக்கு நிமிடம் அன்று. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. சக்கரத்தின் மூக்கு வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். வேண்டியது, மூக்கு 10 நிமிடம் உள்ளே. கடைக்காரர் இரண்டு வழி சொன்னார்: முழு பீமையும் மாற்றுவது, அல்லது கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டுவது.

அட்ஜஸ்ட் செய்யவேண்டியது வண்டியன்று, ஓட்டுகிறவன். இந்த இடத்தில்தான் என் மருமகன் கொதித்தான்.

10 நிமிடக் கோணம் எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லியாக வேண்டும். 195/55 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். அதன் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 1.8 மில்லிமீட்டர். அற்பம் என்று தோன்றும். ஆனால் அந்த அற்பக் கோணத்தோடு ஒரு கிலோமீட்டர் உருண்டால் டயர் 2.9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. மயிலாப்பூர் போய்த் திரும்ப இருபது கிலோமீட்டர் என்று வைத்தால் 58 மீட்டர். கபாலி கோயிலுக்கு வண்டியில் போகிறவர் தம்மை அறியாமல் சிறிது அங்கப்பிரதட்சிணமும் செய்துவிடுகிறார், டயர் மூலமாக.

தீர்வு உலகெங்கும் தெரிந்ததுதான். தகட்டுக்கும் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஒரு தகட்டைச் செருகுவது. ஆங்கிலம் படித்தவர்கள் ஷிம் என்பார்கள். தமிழில் இதற்கு ஆப்பு என்று பெயர். செருகுகிற கோணத்தைப் பொறுத்து டோவும் மாறும், கேம்பர் எனப்படும் சாய்மானமும் மாறும். வெவ்வேறு தடிமனில் நாலைந்து ஆப்பு கைவசம் இருந்தால், அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது என்ற வண்டி அட்ஜஸ்ட் ஆகிவிடும். தன் வண்டிக்குத் தானே காசு கொடுத்து ஆப்பு வைத்துக்கொள்வது மேல்நாட்டாருக்குச் சாதாரணம். நமக்கோ அச்சொல்லைக் கேட்டதும் ஆப்பசைத்த குரங்குதான் நினைவுக்கு வரும்.

ஆனால் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. பங்குனியில் மயிலாப்பூர் தேர் மாட வீதி திரும்புவதைப் பாருங்கள். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் சரியான நொடியில், சரியான சாய்வில் போடுகிறவர்தான் அவ்வளவு பெரிய மரமலையைத் திருப்புகிறார். அந்தக் கட்டை ஆப்பே. கைதேர்ந்த ஒருவர் கையில் இருக்கும்வரை அதைவிடத் துல்லியமான அலைன்மென்ட் கருவியை நான் கண்டதில்லை.

சட்டத் தடை உண்டா என்பாருக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆப்பு வைப்பது மாற்றமா, அல்லது தொழிற்சாலை வைத்த கோணத்துக்கே திரும்புவதா என்று என் மருமகன் ஒருமணி நேரம் வாதாடினான். கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும் என்பதால் அவன் வென்றான்.

முதலில் அளவை. கணினியை நம்பாமல், பந்தய மெக்கானிக்குகள் செய்வதுபோல், வண்டியைச் சுற்றி நாலு ஸ்டாண்டு வைத்துத் தூண்டில் நரம்பைக் கட்டி, நரம்பிலிருந்து ரிம்மின் இரு விளிம்புக்கும் தூரம் எடுத்தான். சாய்மானத்துக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இது நடந்தது. வாட்ச்மேன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “துணி காயப்போடவா தம்பி? மொட்டை மாடியில எடம் இருக்கே” என்றார். அவருக்கு நான் நன்னூலை எடுத்துச் சொன்னேன். பவணந்தியார் பாயிரத்திலேயே, தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல் புலவன் செய்யும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார். வாட்ச்மேன் கேட்டுக்கொண்டு கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

பிறகு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை. போல்ட்டுகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர். திருப்பவேண்டியது 18ம் 10ம் சேர்ந்து 28 நிமிடம். கணக்குப்படி ஆப்பின் ஒருபக்கம் மறுபக்கத்தைவிட 0.81 மில்லிமீட்டர் தடித்திருக்க வேண்டும். மருமகன் இதைக் கைபேசியில் படம் போட்டுக் காட்டினான். லேத் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“கால் நூலுன்னு சொல்லு தம்பி. இதுக்கா இவ்ளோ படம்?”

அங்குலத்தில் எட்டில் ஒன்று நூல். அதில் கால் என்பது 0.79. கணினியும் மாஸ்டரும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபட்டனர். இவ்வாய்வின் ஒரே கண்டுபிடிப்பு இது என்று கருதுகிறேன். மாஸ்டர் மேலும் சொன்னார்: விளிம்பைப் பூஜ்யமாக இழைத்தால் பிளேடாகிவிடும், பிய்ந்துபோகும், ஒருபக்கம் 2 மில்லி வைத்து மறுபக்கம் 2.8 ஆக்கலாம், ஆனால் போல்ட் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும், ஏ.பி.எஸ். சென்சாரின் இடைவெளியைப் பார்த்துக்கொள். ஆப்பு என்ற சொல்லை அவர் ஒருதரம்கூடச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு தகடுதான்.

பொருத்திய மறுநாள் திரையில் டோ அவுட் 46 நிமிடம் என்று வந்தது. 18 மறைவதற்குப் பதில் 28ஐக் கூட்டிக்கொண்டிருந்தது. தடித்த பக்கம் பின்னால் இருக்கவேண்டும். சக்கரத்தின் பின்பாதியை வெளியே தள்ளினால்தான் மூக்கு உள்ளே வரும். மருமகன் முன்னால் வைத்துவிட்டான். ஆப்பு நேராக வைக்கிறோமா தலைகீழாக வைக்கிறோமா என்பது, வைத்தவனுக்கு அப்போதே தெரிவதில்லை. கழற்றி, திருப்பி, மாட்டி, மறுபடி ஐநூறு ரூபாய் கொடுத்து அளந்தபோது திரை பச்சையானது. அந்தத் தாளை லேமினேட் செய்து டாஷ்போர்டில் வைத்திருக்கிறான், பக்கத்தில் பிள்ளையார்.

இவ்வளவும் முடிய நாலு மாதம். அதன்பின் பள்ளம் என்றால் அவனுக்குப் பயம். வேகத்தடை என்றாலும் பயம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் மட்டுமே உயரும். எங்கள் தெருவில் இருப்பது கவிழ்த்த அரிவாள்மணை. வண்டியை அதன்மேல் மூலைவிட்டமாக, சக்கரம் சக்கரமாக ஏற்றி இறக்குவான். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் இலக்கணத்துக்குப் புறம்பான சொற்களைப் பயன்படுத்துவார்.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தது. 2015 வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரிக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வானம் கறுத்ததுமே மக்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கினார்கள். சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நானும் மருமகனும் இரவு பத்து மணிக்குச் சிவப்பு வண்டியை ஏற்றினோம். வேதச்சிரேணி என்றால் என்ன என்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டேன். மழையில் நனைந்த கூரைகள் நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் வளைவு வரை போயின.

பின்சக்கரம் கரைக்கல்லில் உரசிவிடுமோ என்று மருமகன் நாலுமுறை முன்னும் பின்னும் எடுத்து, வால் சற்று வெளியே நீட்டியிருக்க, இறங்கிப் பூட்டினான். எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய வேன். அதிலிருந்து இறங்கிய பெரியவர் குடையை விரித்துக்கொண்டே எங்கள் வண்டியை ஒருமுறை பார்த்தார்.

“தம்பி, கோணலா நிக்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி விடு.”