கொஞ்சம் முன்தேதி போட்டுக் கொடுங்க, டாக்டர்!

"மனுஷனுக்கு மூணு வாரத்துல விசா வந்துடுது, எங்க டாமிக்கு மட்டும் நாலு மாசமா?" ஜெர்மனியில் வேலை கிடைத்தவர்களின் இந்தப் புலம்பல் இந்த வாரமும் காதில் விழுந்தது. எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. அடுத்த வாக்கியம் என்னவென்று உங்களுக்கே தெரியும்: "டாக்டர்கிட்ட சொல்லி, ஊசி போட்ட தேதியைக் கொஞ்சம் முன்னால போட்டு வாங்கிக்கலாமா?" நாயும் பூனையும் நாடு விட்டு நாடு போக எழுதி வைத்திருக்கும் விதிகளைப்போல விவரமான விதிகள் குறைவு என்பது என் கட்சி. ஏனென்றால், அவை முன்தேதி போடும் நம்மையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டு எழுதப்பட்டவை.

முன்தேதி நமக்கு இன்று நேற்று வந்த பழக்கமா? வாடகை ஒப்பந்தம் குடிவந்து எட்டு மாதம் கழித்துத்தான் எழுதப்படும். தேதி மட்டும் பால் காய்ச்சிய நாளில் நிற்கும். வெள்ளிக்கிழமை கல்யாணத்தில் மூன்றாவது ஜாங்கிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவருக்கு, திங்கட்கிழமை வாங்கும் மருத்துவச் சான்றிதழில் வியாழக்கிழமையே காய்ச்சல் ஆரம்பித்திருக்கும். அலுவலகத் தபால் பதிவேட்டில் நடுவே ஒரு வரியைக் காலியாக விட்டுவைப்பது தனிக் கலை. கெடு முடிந்தபின் வரப்போகிற வேண்டப்பட்டவரின் விண்ணப்பத்துக்காக அந்த வரி பொறுமையாகக் காத்திருக்கும். பழைய தேதியில் முத்திரைத்தாள் தரும் ஆளை ஊருக்கு ஊர் யாருக்காவது தெரியும். மொய் நோட்டும் தப்பவில்லை; ஆறு மாதம் கழித்து நூறு ரூபாயை நீட்டுகிறவர், "முகூர்த்தத்தன்னிக்கே எழுதின மாதிரி எழுதிக்கோங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்வார். ஆயுள் காப்பீட்டிலோ இது சட்டப்படியே நடக்கிறது. பாலிசியின் தொடக்கத் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வயதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். 'டேட்டிங் பேக்' என்று அதற்கு அதிகாரபூர்வமான பெயரே உண்டு. பிள்ளையின் பிறந்த தேதியையே பள்ளி சேர்க்கைக்காக நகர்த்திய பரம்பரை, நாயின் ஊசித் தேதிக்கா தயங்கும்? எங்கே விட்டேன்? ஆமாம், நாய்.

இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிற நாயை எடுத்துக்கொள்வோம். (பூனைக்கும் இதே விதிதான்.) முதலில் மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான் இருக்கும். கழுத்தருகே தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். ஸ்கேனரைக் காட்டினால் பதினைந்து இலக்க எண் தெரியும். சிப் ஏறிய அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் ஊசிதான் கணக்கில் சேரும். "எங்க டாமிக்குப் பத்து வருஷமா ஊசி போடறோமே" என்றால், எண் இல்லாத டாமி எந்த டாமி என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வீட்டு டாமியின் அட்டையை நாம் கடன் வாங்க மாட்டோமா? ஊசி போடும்போது குட்டிக்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது ஆன்டிபாடி இருந்தால்தான் தேர்ச்சி. முன்தேதி வித்தை இங்கேதான் படுத்துவிடுகிறது. அட்டையில் பேனா என்ன வேண்டுமானாலும் எழுதும். ஊசியே போடாமல் தேதி மட்டும் போட்டிருந்தால் இரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இரத்தம் தேறிவிட்டது, அப்புறமும் எதற்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஊசி வேலை செய்திருக்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை சொல்லும். ஊசிக்கு முன்பே தெருநாய் ஒன்று கடித்திருந்ததா என்பதைச் சொல்லாது. ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியே நிதானமாக மூளைக்கு ஏறுவது. வெளியே தெரிய வாரங்களாகும், மாதங்களும் ஆகும். அது வெளிப்படுவதற்கு விடும் அவகாசம்தான் இந்தக் காத்திருப்பு. ஒரு சலுகை: மூன்று மாதம் இரத்தம் எடுத்த நாளிலிருந்து கணக்கு, அறிக்கை வந்த நாளிலிருந்து இல்லை. எல்லாம் பிசகாமல் நடந்தாலும், இங்கே பிறந்த குட்டி அங்கே கால் வைக்கும்போது ஏறக்குறைய ஏழு மாத வளர்ந்த நாயாகியிருக்கும். பூஸ்டர் ஊசி ஒரே ஒரு நாள் தவறினால், மறுபடி முதல் ஊசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். "ஒரு நாள்தானே சார்" என்பதை வைரஸிடம் சொல்லிப் பார்க்கலாம்.

அமெரிக்க நாய்க்கு இரத்தப் பரிசோதனை வேண்டாமாம், நம் நாய்க்கு மட்டும் என்ன இளக்காரம் என்று தேசபக்தியோடு சிலர் கொதிக்கிறார்கள். உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கொதிக்க வேண்டிய இடம் அது. தவிர, சென்னைக்கு வந்துபோகும் ஜெர்மன் நாய்க்கும் திரும்பிப்போக அதே பரிசோதனை உண்டு. புறப்படுமுன்பே அங்கே செய்துகொண்டு வந்திருந்தால் மூன்று மாதக் காத்திருப்பு மட்டும் இல்லை.

பெரிய இடத்தில் ஆள் இருந்தால் நடக்காதா? 2015-ல் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூ என்ற இரண்டு நாய்களை அறிவிக்காமல் தனி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். நாய்கள் திரும்பிப் போகாவிட்டால் கொல்லப்படும் என்று வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் கெடு வைத்தார். நாய்கள் உடனே விமானம் ஏறின. அடுத்த ஆண்டு, பயணி அட்டையில் பொய்த் தகவல் தந்ததை ஹெர்ட் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இருவரும் வீடியோவில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மன்னிப்புக் கேட்டார்கள். ஹாலிவுட்டுக்கே இந்த மரியாதை என்றால், உங்கள் சித்தப்பாவின் நண்பர் செகரட்டரியேட்டில் இருப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே, ஜெர்மனி வேலைக்கு விண்ணப்பம் போடுகிற அன்றே நாய்க்குச் சிப்பைப் போட்டுவிடுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் நாய்க்கு நஷ்டமில்லை.