ஒல்லாந்தர் குடித்த தண்ணீர்

1658. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த கோட்டையில் போர்த்துக்கேயப் பறங்கிப் படை வீறாப்பாய்க் குந்தியிருந்தது. எதிரி எந்தப் பக்கத்தால் வந்தாலும் தெரியும் என்ற தைரியம். குடிதண்ணீர் எந்தப் பக்கத்தாலும் வராது என்பது, ஒல்லாந்தர் முற்றுகையிட்ட பிறகுதான் உறைத்தது. நன்னீர் இல்லாமல் கோட்டை பணிந்தது. பீரங்கியைவிடத் தாகம் கெட்டிக்காரத் தளபதி.

வென்றவர்கள் பெயர்சூட்டு விழா நடத்தினார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், வேலணைத்தீவு லெய்டன், நெடுந்தீவு டெல்ப்ட். ஊர் நினைவு வந்த சிப்பாய்க்குக் கப்பல் செலவு மிச்சம்! 1795இல் ஆங்கிலேயரிடம் யாழ்ப்பாணத்தை இழக்கும்வரை 137 ஆண்டுகள் ஆண்டார்கள். உப்புக் கடலுக்கு நடுவே இந்தத் தீவுகளில் கிணறு எப்படி இனிக்கிறது என்ற கேள்வியில் மட்டும் அவசரம் காட்டவில்லை.

விடைக்கு அசல் அம்ஸ்டர்டாம் தேவைப்பட்டது. அதன் அருகே கிணறு துளைப்பது பற்றி 1889 வாக்கில் குறிப்பெழுதிய ஒல்லாந்தப் படைப் பொறியாளர் படோன் கைபென் விஷயத்தைப் போட்டுடைத்தார். நன்னீர் கடல்நீரைவிட இலேசு. அதனால் நிலத்தடியில் அதன்மேல் மிதக்கிறது. 1901இல் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க்கும் இதையே சொன்னார். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் இருக்கும்.

கணக்கு அதோடு முடியவில்லை. நம்முடைய தீவுகளுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் இரட்டை வேஷக்காரன். பொந்துகளில் தண்ணீர் தாராளமாய் ஓடும். கல்லின் நுண்துளைகளில் கஞ்சத்தனமாய்க் கசியும். ஓட்டத்துக்கு நேவியர், ஸ்டோக்ஸ் எழுதிய சமன்பாடு. கசிவுக்கு, குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டுப் பார்த்த பிரெஞ்சுக்காரர் டார்சியின் 1856ஆம் ஆண்டு விதி. இரண்டும் எல்லையில் சந்திக்கும்போது, கலியாண வீட்டுச் சம்பந்திகளைப் போல முறைத்துக்கொண்டு நிற்கும்.

மத்தியஸ்தத்துக்கு 1967இல் பீவர்ஸும் ஜோசப்பும் வந்தார்கள். திண்ணமான சுவரில் ஒட்டும் தண்ணீர் நின்றுவிடும். துளையுள்ள சுவரிலோ கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும் என்று பரிசோதனையில் காட்டினார்கள். எவ்வளவு வழுக்கும் என்பதற்கு அவர்கள் தந்த சூத்திரத்தை 1971இல் சாஃப்மன் சுருக்கிக் கொடுத்தார். இன்றைய கணினியும் அந்த ஒப்பந்தத்தை வைத்தே இரு பக்கத்தையும் இணைக்கிறது. மேலதிகமாக ஒரு கறார் நிபந்தனை: இந்தப் பக்கத்தால் போன தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கத்தில் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தச் சமன்பாடு எதுவும் தெரியாமலே துலா மிதித்தவர்கள் கிணற்றைக் காப்பாற்றினார்கள். ஒரு பட்டை ஏறி அடுத்த பட்டை இறங்குவதற்குள் ஊற்று ஊறிவிடும். தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே, தீவுப்பகுதியில் மிசின் பூட்ட நினைப்பவர்களே, ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், உவர் நாளடைவில் 40 மீற்றர் ஏறி வரும். அளவாய் இறையுங்கள்.