களத்தில் காய்ந்த கிட்டார்

இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துக்கு ஒரு மிளகுக் கொடி, ஐம்பத்திரண்டு வயது, கொஞ்சம் சர்க்கரை. வாழவந்தி என்கிற மலைக் கிராமத்தில் இப்படி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்துக்குள் கிட்டார் நுழைந்ததற்கு டி.வி.தான் பொறுப்பு. ஒரு மழை ராத்திரி 'மூடுபனி' போட்டார்கள். 1980-ல் வந்த படம், இளையராஜாவுக்கு நூறாவது. பிரதாப் போத்தன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடினார். எங்கள் ஊரில் மூடுபனி வேண்டிய மட்டும் இருக்கிறது, கிட்டார்தான் இல்லை என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது.

மோட்டார் ரிப்பேருக்கு எடுத்து வைத்திருந்த பணத்தோடு சேலத்துக்கு இறங்கினேன். திரும்பி வரும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் கிட்டாரின் கழுத்து பக்கத்து சீட்டுக்காரரை இடித்தது. அவர் பொறுமைசாலி. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கும்போது, "எந்த சர்ச்சுங்க?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. "ஏங்க, இது தண்ணி இறைக்குமா?" என்றாள் மனைவி.

முதல் வாரம் விரல் நுனி எரிந்தது. எஃகுக் கம்பி, வெண்ணெய் விரல். தோட்டக்காரனுக்கு ஏது வெண்ணெய் விரல் என்று கேட்பீர்கள். பறிப்பதும் கவாத்து பண்ணுவதும் ஆட்கள். வரப்பில் நின்று விரலை நீட்டிக் காட்டுவது மட்டும் நான். நீட்டுகிற விரலுக்குக் காய்ப்பு வராது. உங்களுக்கும் வலித்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்களில் நுனி தடித்துவிடும். அதுவரை பத்துப் பத்து நிமிஷமாக வாசித்து எழுந்துவிடுங்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் இதில் ஃப்ரெட் என்கிறார்கள். அதன் மேலேயும் அழுத்தக் கூடாது, இரண்டு மெட்டுக்கு நட்டநடுவிலும் கூடாது. மெட்டுக்குச் சற்றே பின்னால், அதை ஒட்டினாற்போல் அழுத்தினால் பாதி பலமே போதும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் கோழிக் கழுத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். வந்த சத்தமும் கோழிச் சத்தம்தான்.

அடுத்தது கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றாக மீட்டுகிற ஸ்வரக் கூட்டு. "இன்னும் நாலு கார்டு இருந்தா போதும், எந்தப் பாட்டும் வாசிச்சிடலாம்" என்று போனில் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா, "ஏண்டா, ரேஷன் கார்டு ஒண்ணுதானே குடுப்பாங்க?" என்றார். அம்மாவுக்கு ஒரு காது மந்தம். நான் உட்கார்ந்ததும் நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பயிற்சி விஷயத்தில் நான் செய்த பெரிய தப்பு, ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போட்டது. காப்பிக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரே செடியில் பழம் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. மூன்று நான்கு சுற்று வந்து பழுத்ததைப் பழுத்ததைத்தான் பறிக்கிறோம். ஒரே நாளில் உருவினால் பச்சைக் காயும் சேர்ந்து வரும். என் ஞாயிறு வாசிப்பு பூராவும் பச்சைக் காய். தினம் பதினைந்து நிமிஷம், மெதுவாக. அது போதும்.

இந்த யோசனையை நானே கடைப்பிடிக்க ஆரம்பித்த நேரத்தில்தான் கிட்டார் மக்கர் பண்ணியது. வாங்கியது ஜூலையில். மலை மழை உங்களுக்குத் தெரியும். பருப்பு டப்பா மூடிகூடத் திறக்காது. மரம் ஈரத்தைக் குடித்து, கிட்டாரின் வயிறு மெல்ல உப்பியது. உப்பினால் கம்பி உயரும், உயர்ந்தால் அழுத்த முடியாது. டிசம்பருக்குள் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் எலி ஓடலாம் என்கிற நிலைமை. ஜனவரியில் வெயில் வந்தது. களத்தில் பார்ச்மெண்ட், அதாவது பழத்தோல் உரித்த காப்பிக் கொட்டை, காய்ந்துகொண்டிருந்தது. ஈரத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? காப்பியைப் பத்து சதவீத ஈரம் வரை காய வைத்து, பல்லால் கடித்தே பதம் சொல்லுகிறவன் நான். கிட்டாரையும் களத்தில் மல்லாக்கப் போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டியும் விட்டேன்.

கிட்டாரைக் கடித்துப் பார்க்க முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை. சாயங்காலம் 'டங்' என்று ஒரு சத்தம். கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பசை விட்டு எழுந்து நின்றது. ஆறு எஃகுக் கம்பியும் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு இழுக்குமாம். கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டைக் காப்பி. அவ்வளவையும் தாங்குவது அந்தப் பசை. வெயிலில் அது இளகினால் கதை முடிந்தது. ரிப்பேர்காரர் கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வடாம் பிழியலையா?" என்றார். கிட்டாருக்கு வேண்டியது காய்ந்த காற்று இல்லை, நடுத்தரக் காற்று. ஐம்பது சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களை இப்போது சொந்தக்காரர் வீடுகளில் கேட்டு வாங்குகிறேன்.

திரும்பி வந்த கிட்டாரில் உயரம் சரியாக இருந்தது. பன்னிரண்டாம் நம்பர் கம்பிக்குப் பதில் மெல்லிசான பத்தாம் நம்பர் போட்டுக் கொடுத்தார். வயசானவர்கள் முதலிலேயே இதைக் கேட்டு வாங்கலாம். வீரம் காட்டுகிற இடமில்லை இது.

பிறகு ஒரு ரகசியம் பிடிபட்டது. கார்டு பிடிப்பது பெரிதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் பாடு. நான் ஒவ்வொரு தடவையும் எல்லா விரலையும் தூக்கிவிட்டு, புதுசாகக் குடி வருகிறவன் மாதிரி இடம் தேடினேன். தேவையே இல்லை. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் ஒன்று நகர்ந்தால் போதும். மற்ற இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஈ மேஜரை அப்படியே ஒரு கம்பி தள்ளி வைத்தால் ஏ மைனர். எஃப் வந்ததும் ஆள்காட்டி விரலைக் கட்டையாகப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டாம். சி-யில் இருக்கும் ஆள்காட்டி விரலை அசைக்காமல், மற்ற இரண்டு விரலையும் ஒரு கம்பி கீழே இறக்கி, மேல் இரண்டு கம்பியை விட்டுவிட்டு மீட்டுங்கள். எஃப்-க்குத் தம்பி முறை. பாட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு நிமிஷத்தில் சி-யும் ஏ மைனரும் எத்தனை தடவை மாறுகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணினேன். முதல் நாள் ஏழு. இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, அப்புறம் 1976-ல்தான் 'அன்னக்கிளி' வந்தது என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவரு கிட்டாரை வெயில்ல காயப் போடலைல்ல?" என்றாள்.

இப்போது நிமிஷத்துக்கு முப்பத்தொன்று. ராத்திரி ஏழரைக்குத் திண்ணையில் உட்காருகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் போன வாரம் வந்து, "அண்ணே, நீங்க வாசிக்க ஆரம்பிச்சதுலேருந்து பன்னி இந்தப் பக்கம் வர்றதில்ல, வேலி ஓரமா வந்து வாசிக்க முடியுமா?" என்று கேட்டார். ரசிகர் கேட்கிறார், போகத்தான் வேண்டும். ஆனால் வேலி ஓரம் பனி ஜாஸ்தி, பையில் வைத்தால் கிட்டார் மறுபடி உப்பிவிடும். யாரிடமாவது பழைய கெட்டியான கிட்டார் பெட்டி சும்மா கிடந்தால் சொல்லுங்கள். விலைக்கு ஒரு கிலோ பார்ச்மெண்ட் தருகிறேன். நன்றாகக் காய்ந்தது.