ஓரிரவுக் கப்பலுக்கு ஒரு வாழ்த்து

வியட்நாமின் வடகிழக்கே, குவாங் நின் மாகாணத்தின் கரையோரம் ஹா லாங் விரிகுடா இருக்கிறது. பச்சை நீரில் 1,900-க்கும் மேற்பட்ட தீவுகள், பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைகள். யுனெஸ்கோ 1994-இல் இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2023-இல் பக்கத்திலுள்ள காட் பா தீவுக்கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. புகழெல்லாம் பாறைகளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிப்போய்க் காட்டிவரும் ஓரிரவுச் சொகுசுக் கப்பல்களை வாயாரப் புகழ ஆளில்லை. அவற்றில் ஒன்றில் தங்கிவந்தவன் என்ற முறையில் நான் புகழ்கிறேன்.

முதலில் அவற்றின் வேகம் வாழ்க. இந்தச் சுண்ணாம்புக் கல் படிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து மலையாகவும் பள்ளத்தாக்காகவும் குகையாகவும் செதுக்கியது. கடைசிப் பனியூழி முடிந்து கடல் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகள் மூழ்கின, மலையுச்சிகள் தீவுகளாக மிஞ்சின. ஒவ்வொரு பாறையின் அடியிலும் அலை அரித்த பள்ளம் இன்றும் வளையமாகத் தெரிகிறது; அந்த வேலை ஓயவே இல்லை. அத்தனை காலத்தின் உழைப்பையும் கப்பல்காரர்கள் ஒரு நண்பகலில் தொடங்கி மறுநாள் முற்பகலுக்குள் காட்டி முடித்துவிடுகிறார்கள். ஏறியதும் மதிய உணவு, பிறகு குகை, பிறகு மலையேற்றம், பிறகு துடுப்புப் படகு, மாலையில் ஸ்பிரிங் ரோல் சுற்றும் வகுப்பு, இரவில் கணவாய் பிடித்தல், விடியலில் தை சி பயிற்சி. பாறையைச் சும்மா உட்கார்ந்து பார்க்க அரைமணி நேரம்கூட ஒதுக்கவில்லை. விருந்தாளிக்கு ஒரு கணமும் சலிப்புத் தட்டிவிடக் கூடாது என்ற அக்கறை அது.

அடுத்து அவற்றின் ஒற்றுமை. அத்தனை கப்பல்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துறையை விட்டுக் கிளம்புகின்றன. ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுங் சோட் குகை வாசலில் ஆட்களை இறக்குகின்றன. உள்ளே வண்ண விளக்குகள். முன்னால் போகிறவரின் முதுகைத் தொட்டபடி நகரும் கூட்டம். ஏழெட்டு மொழிகளில் வழிகாட்டிகள் ஒரே கல்லைச் சுட்டிக்காட்டி ஆமை என்கிறார்கள். கோயில் தேரோட்டத்தன்று மாடவீதியில் இருக்குமே, அந்த நெரிசல். நின்று பார்க்க விரும்புகிறவரையும் பின்னால் வரும் கூட்டமே அன்போடு தள்ளிக்கொண்டு போய்விடும். குகையில் யாரும் தொலைந்துபோக வழியே இல்லை.

அங்கிருந்து டி டோப் தீவு. 1962-இல் ஹோ சி மின்னுடன் இங்கே வந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் தீத்தோவின் பெயர் அதற்கு. சுமார் நானூறு படி ஏறினால் உச்சி மண்டபம். கீழே தீவுகளுக்கு நடுவே வெள்ளைக் கப்பல்கள் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நிற்கின்றன. நீர்ப்பரப்பே தெரியாத அளவுக்கு அங்கே வளம் பெருகியிருக்கிறது. முன்பு இந்தப் படகுகள் பழுப்பு மர நிறத்தில் இருந்தன. 2012-இல் மாகாண நிர்வாகம் எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், இதே டி டோப் அருகே நங்கூரமிட்டு நின்ற படகு ஒன்று விடியுமுன் மூழ்கி, தூக்கத்திலிருந்த 12 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2025 ஜூலையில் திடீரென அடித்த சூறைக்காற்றில் இன்னொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நான் ஏறிய கப்பலில் வரவேற்புப் பானத்தைப் பற்றியும் மசாஜ் கட்டணத்தைப் பற்றியும் விரிவாக விளக்கினார்கள். உயிர்காப்பு உடை அலமாரியில் இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்களின் மனத்தைச் சாவை நினைவூட்டிக் கலக்காத நாகரிகத்தை என்னவென்று சொல்வது!

அவர்களுடைய இரக்கத்துக்கு ஈடே இல்லை. இந்த விரிகுடாவில் குவா வான், வுங் வியெங் போன்ற மிதக்கும் மீனவ ஊர்கள் இருந்தன. தெப்பத்தின்மேல் வீடு, தெப்பத்தின்மேல் பள்ளிக்கூடம் என்று தலைமுறை தலைமுறையாக நீரிலேயே வாழ்ந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களை 2014-இல் அரசு கரையேற்றியது. பிள்ளைகளின் படிப்பு, புயல் பயம், நீர் மாசு என்று சொன்ன மூன்று காரணங்களும் மெய்தான். கரையேறியவர்களில் சிலர் இன்றும் இங்கே வந்து மூங்கில் படகில் நமக்குத் துடுப்பு வலிக்கிறார்கள். எங்களை ஏற்றிச் சென்ற அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கூம்புத் தொப்பியின் நாடாவைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, எழுந்து நின்று, முழு உடம்பையும் சாய்த்து வலித்தார். காலியாகக் கிடந்த ஒரு வளைவைத் துடுப்பால் காட்டி, தம் வீடு இருந்த இடம் என்றார். நீரைக் காப்பதற்காக அவருடைய குடும்பம் இறங்கிப்போன அதே விரிகுடாவில் அன்றிரவு நாங்கள் உறங்கினோம். எங்கள் அறையில் குளிர்சாதனமும் சன்னலோரக் குளியல் தொட்டியும் இருந்தன. வீடிழந்தவருக்கு அந்த வீட்டின் தடத்தைக் காட்டும் வேலையையே தேடிக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஈகை ஏது!

தூய்மையையும் சொல்லியாக வேண்டும். 2019 முதல் சுற்றுலாப் படகுகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அறையில் தண்ணீர் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது, உறிஞ்சுகுழல் காகிதம். பால்கனியிலிருந்து குனிந்தால் மீன்பண்ணைகளிலிருந்து பிய்ந்து வந்த தெர்மோகோல் துண்டுகளும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் கப்பலின் இடுப்பைத் தொட்டபடி மிதந்தன. குளியல் தொட்டியின் நீர் எங்கே போகிறது என்று பணியாளரிடம் கேட்டேன். சிரித்தபடி இன்னொரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்விக்கான பதிலை அவருக்கு யாருமே சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரவின் அழகு தனி. சுற்றிலும் நின்ற கப்பல்கள் எல்லாம் விளக்கெரித்ததால் நட்சத்திரங்களுக்கு வேலை இருக்கவில்லை. பக்கத்துக் கப்பலின் கரோக்கே இங்கே கேட்டது, எங்களுடையது அங்கே கேட்டிருக்கும். அண்டை வீட்டார் என்ற உறவு அப்படி வளர்ந்தது. பின்பக்கம் ஒரு பெரிய விளக்கைக் கடலுக்குள் பாய்ச்சி, ஆளுக்கொரு மூங்கில் கழியைக் கொடுத்துக் கணவாய் பிடிக்கச் சொன்னார்கள். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஒன்றும் சிக்கவில்லை. ஒரு சிறுமி தன் தகப்பனிடம், இங்கே இருந்த கணவாயெல்லாம் எங்கே போயின என்று கேட்டாள். அவர் மணியைப் பார்த்துவிட்டு அவளைத் தூங்க அழைத்துப்போனார்.

இந்தப் பாராட்டில் பாதி பயணிகளாகிய நமக்குரியது. ஹனோயிலிருந்து விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரத்தில் வந்து, ஒரே இரவில் எல்லாம் வேண்டும், இருப்பதிலேயே குறைந்த விலையில் வேண்டும், குளியல் தொட்டியும் வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். கேட்டதைத்தான் விற்கிறார்கள். ஒரே பாதையில் எல்லோரும் முட்டிக்கொள்வதும் நம் பட்டியலிலுள்ள பெயர்கள் ஒன்றாகவே இருப்பதால்தான். வடகிழக்கே பாய் து லாங் விரிகுடாவில் இதே பாறைகள் உண்டு, கூட்டம் குறைவு. அதன் பெயர் நம் பட்டியலில் இல்லாததால் அங்கே போகும் கப்பல்களும் குறைவு.

ஆகவே அடுத்து ஹா லாங்குக்குப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கழிவுநீர் எங்கே போகிறது? ஏறியதும் உயிர்காப்பு உடையை அணிவித்துக் காட்டுவீர்களா? துடுப்பு வலிப்பவருக்கு என்ன கூலி? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லும் கப்பல் எதுவோ, அதை நான் வஞ்சமில்லாமலே வாழ்த்துகிறேன்.