கிக்கரே சரணம்

எங்கள் சித்தப்பாவிடம் கடவுள் உண்டா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டாலும் கோபம் வராது. "புல்லட் அப்படி என்ன பெரிய வண்டி?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அப்புறம் அவரைச் சமாதானப்படுத்த சித்தி இரண்டு தடவை காபி போட வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் மனிதர் நாத்திகர். திருச்சியில் கருப்புச்சட்டைக் கூட்டங்களின் முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவர். ஆயுத பூஜையன்று வீட்டில் அரிவாள்மணைக்குக்கூடப் பொட்டு வைக்க விடமாட்டார். ஆனால் அன்றைக்குக் காலையிலேயே வண்டியை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்து வாசலில் கிழக்குப் பார்த்து நிறுத்திவிடுவார். சித்தி வந்து ஹெட்லைட்டுக்குச் சந்தனம் வைக்கும்போது எதிர்வீட்டு மாமரத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருப்பார். பார்க்காதபோது நடந்தது கொள்கையைப் பாதிக்காது.

அவர் பழைய புல்லட்டைக் கிளப்புவதைப் பார்த்திருந்தால் உங்களுக்கே விளங்கும். சாவியைத் திருப்பியதும் உதைக்கிற காரியமெல்லாம் அங்கே கிடையாது. முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கிக்கரை மெல்ல, மிக மெல்ல, பாதத்தால் அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரின் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நட்டநடுவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் பேசினால் முறைப்பார். டீகம்ப்ரஷன் லீவரை விரலால் இழுத்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, மூச்சைப் பிடித்து ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். முழங்கால் அதைப் பல நாள் நினைவில் வைத்திருக்கும். முறையாகச் செய்தால் 'டுக்... டுக்... டுக்...' என்று கருணை பொழியும். அந்த நொடியில் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்த எவரும் அவரை நாத்திகர் என்று சொல்லமாட்டார்கள்.

என் ஸ்கூட்டருக்கு ஒரு பொத்தான். அமுக்கினால் ஓடும். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முந்தைய ஸ்கூட்டரை விற்றபோது வாங்கினவர் தெருமுனை தாண்டும்வரை நின்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. குறையே சொல்ல முடியாத வண்டிதான், ஆனால் அதற்காக நான் யாரோடு சண்டைக்குப் போவது?

என் கட்சி இதுதான்: பொருள் நன்றாக இருப்பதால் பக்தி வருவதில்லை, அது நம்மைப் படுத்துவதால் வருகிறது. சபரிமலைக்கு 41 நாள் விரதம் இருந்து, செருப்பில்லாமல் நடந்து, இருமுடி சுமந்து ஏறுகிறவரிடம் "சந்நிதி வாசல்வரை கார் போகும்படி செய்துவிட்டால் சௌகரியம்தானே?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பட்டபாட்டுக்கு ஓர் அர்த்தம் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் பட்டவன் முட்டாள். யாருக்கு அந்தப் பட்டம் வேண்டும்? பழைய புல்லட்காரர்களே தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற ஒரு வசனம் உண்டு: வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம். ஒழுகுவதே ஆரோக்கியத்தின் அடையாளம் என்று வாதாட, ஒன்று நல்ல வக்கீலாக இருக்க வேண்டும் அல்லது நல்ல பக்தனாக இருக்க வேண்டும்.

இந்த மதத்தின் வரலாறும் மதத்துக்கு உரிய முறையிலேயே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி ராயல் என்ஃபீல்டு. 1950களில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட் கேட்டது. அதையொட்டி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து இங்கே கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை வைத்தார்கள். 1970 வாக்கில் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் கடையைக் கட்டிவிட்டது. திருவொற்றியூரில் விளக்கு அணையவில்லை. 1977இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு வண்டி ஏற்றுமதியானது. பிறந்த மண்ணில் மங்கிப் போய், போன இடத்தில் தழைப்பது பௌத்தத்துக்கு நடந்தது, புல்லட்டுக்கும் நடந்திருக்கிறது. சித்தப்பாவிடம் அது வெள்ளைக்காரன் வண்டி என்று சொல்லிப் பாருங்கள். "எவன் சொன்னான்? நம்ம திருவொத்தியூர் வண்டிடா!"

மதம் என்று இருந்தால் பிளவு வராமல் இருக்குமா? பழைய புல்லட்டுக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றதற்கெல்லாம் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரல் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு லீவர். பிறகு ஊர் உலகத்து வண்டிகளைப் போல கியர் இடதுகாலுக்கு வந்தது. வார்ப்பிரும்பு இன்ஜின் போய் யு.சி.இ. என்ற புது இன்ஜின் வந்தது. எண்ணெய் ஒழுகுவது குறைந்தது, பட்டனைத் தட்டினாலே கிளம்பியது. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். சித்தப்பா துக்கம் காத்தார். 17ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் நிகோன் என்ற திருச்சபைத் தலைவர், சிலுவைக் குறி இடுவதற்கு இரண்டு விரல் கூடாது, மூன்று விரல் என்றார். அந்த ஒரு விரலுக்காக நாடு கடத்தப்பட்டவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. அங்கே விரல், இங்கே கால். காஞ்சிபுரத்தில் வடகலை, தென்கலை வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நீதிமன்றப் படி ஏறி இறங்குவதை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புது புல்லட்காரர் ஒருவர் சாலையில் சிநேகமாகக் கையசைத்தால் சித்தப்பா பதிலுக்கு ஹாரன் அடிப்பார். கை தூக்குவது வார்ப்பிரும்புக்காரர்களுக்கு மட்டும்.

இதெல்லாம் உவமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜஸ்தானில் பாலியிலிருந்து ஜோத்பூர் போகும் நெடுஞ்சாலையில் புல்லட்டுக்கு நிஜமாகவே கோயில் இருக்கிறது. 1988இல் அந்த இடத்தில் மரத்தில் மோதி இறந்துபோன ஓர் இளைஞர் இன்று ஓம் பன்னா என்ற காவல் தெய்வம். அவருடைய வண்டியைப் போலீசார் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்களாம். மறுநாள் காலையில் அது விபத்து நடந்த இடத்தில் நின்றதாம். பெட்ரோலைக் காலி செய்து, சங்கிலி போட்டுப் பூட்டினாலும் மறுபடி அங்கேயே போய் நின்றதாம். இப்போது வண்டி கண்ணாடிக் கூண்டுக்குள் மாலையோடு இருக்கிறது. லாரிக்காரர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, சாராயம் படைத்துவிட்டுப் போகிறார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். பகுத்தறிவுவாதி அல்லவா, சிரித்தார். "செத்தவன் எப்பிடிடா வண்டி ஓட்டுவான்? எல்லாம் மூடநம்பிக்கை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பெட்ரோல் இல்லாம கொஞ்ச தூரம் போகும். அந்தக் காலத்து வண்டி" என்றார்.

அறிவால் இந்த நோயைத் தீர்க்கப் பார்த்தவர்கள் உண்டு. 1985 ஏப்ரலில் கோகோ கோலா கம்பெனி தன் பானத்தின் சேர்மானத்தை மாற்றியது. சும்மா மாற்றவில்லை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் பேர் சொல்லாமல் குடிக்கக் கொடுத்து, புதுசுதான் ருசி என்று நிரூபித்துவிட்டுத்தான் மாற்றியது. விளைவு? தினம் ஆயிரத்துக்கு மேல் தொலைபேசி வசவுகள், பழைய பாட்டில்களைப் பதுக்கியவர்கள், சங்கம் வைத்துப் போராடியவர்கள். 79 நாளில் பழையது திரும்பி வந்தது. 2004இல் அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர்கள் ஆட்களைக் கருவிக்குள் படுக்கவைத்து கோக்கும் பெப்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். பேர் சொல்லாதபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது கோக் என்று சொன்னதும் ஞாபகங்கள் குடியிருக்கிற பகுதிகள் விழித்துக்கொண்டன. நாக்கு பாவம், அதை யாரும் கலந்துகொள்வதே இல்லை.

எங்கள் அப்பாயி கோக் குடித்ததில்லை. ஆனால் இந்த ஆராய்ச்சி முடிவைக் கேட்டிருந்தால், இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்டிருக்கும். எம்.ஜி.ஆர். மறைந்தபிறகு கட்சி இரண்டாகி, 1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. அப்பாயி வாக்குச்சாவடிக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டது. "எலயக் காணோம்டா. சேவலு இருக்கு, புறா இருக்கு. நான் ஓட்டுப் போட வந்தேனா, கோழிப்பண்ண வைக்க வந்தேனா?"

முத்திரையை எதில் குத்தியது என்பதைச் சாகும்வரை சொல்லவில்லை. அணிகள் ஒன்றாகி இலை திரும்பி வந்து, அதே வருஷம் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது வரிசையில் முதல் ஆள் அப்பாயிதான். எந்த வேட்பாளர், கூட்டணியில் யார், வாக்குறுதி என்ன என்ற விசாரணையெல்லாம் கிடையாது. இலை வந்துவிட்டது, அவ்வளவுதான். எதிர்வீட்டுத் தாத்தா மட்டும் என்ன, உதயசூரியனைத் தவிர வேறு எதிலும் முத்திரை குத்தினால் கை அழுகிவிடும் என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே முப்பது வருஷம் எதிரெதிரே வாழ்ந்தார்கள்.

கோக் குழப்பம் நடந்த அதே 1985இல்தான் இங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் மட்டும். தொண்டர்களுக்கு அப்படி ஒரு சட்டம் தேவை என்று எந்தக் கட்சியும் இதுவரை கேட்டதில்லை.

உனக்கு ஒரு மதமும் இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் நடுநிலையாளன் என்றுதான் நம்பியிருந்தேன். என் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். எங்கள் தெருமுனைக் கடையில் எல்.ஜி. பெருங்காயம் தீர்ந்துபோனால் நான் வேறு டப்பா வாங்காமல், வெயிலில் கடைவீதி முழுக்க அலைந்து வாங்கிவருவதை அவள் சொந்தக்காரர்களிடம் ஒரு வியாதியைப் போல விவரிப்பாள். நான் என்ன செய்ய? அம்மா ரசத்தில் போட்டது அது. அதை நம் ஊர்ச் சரக்கு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். பார்த்தால், லால்ஜி கோது என்ற பம்பாய்க் கம்பெனி, 1894இலிருந்து. பெருங்காயப் பாலோ ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியில் கசிவது. "இப்ப தெரிஞ்சுபோச்சே, இனிமே பக்கத்துக் கடையில கிடைக்கிறத வாங்கலாமில்ல?" என்றாள். தெரிந்துகொள்வதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா கதைக்கு வருவோம். அவருடைய மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கிவந்தபோது வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார்: "இது என்னடா, மிக்சிக்கு சக்கரம் மாட்டிக் குடுத்திருக்கான்?" சத்தமில்லாமல் வருவது திருடனும் பூனையும்தான் என்பது அவர் கொள்கை. வண்டி என்றால் இரண்டு தெரு தள்ளியிருக்கிற சித்திக்குச் சோறு வடிக்க நேரமாயிற்று என்று தெரிய வேண்டாமா? தெருவில் எவர் மின்சார வண்டியில் போனாலும் "சட்னி அரைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

2024 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்தில் ராயல் என்ஃபீல்டு தன் மின்சார வண்டியை அறிமுகப்படுத்தியது. ஃப்ளையிங் ஃபிளீ என்று பேர். செய்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவின் முன்னால் கைப்பேசியை நீட்டினேன். மனதுக்குள் கொஞ்சம் குரூரம் இருந்ததை மறுக்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சத்தம் வருமா?"

"வராது சித்தப்பா. கரண்ட் வண்டி."

"கியர்?"

"கிடையாது. கிக்கரும் கிடையாது."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பேரு என்னான்னு தெரியுமாடா உனக்கு? ரெண்டாம் உலகப் போர்ல ஏரோப்ளேன்லேர்ந்து பாராசூட் கட்டி இறக்குன வண்டி அது. அதே பேருல விடுறான்." கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தார். "நம்ம கம்பெனி காரணம் இல்லாம எதையும் செய்யாது. சத்தம்கிறது என்ன, ஒரு பழக்கந்தான?"

மகன் வாசலில் தன் ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா அவனைப் பார்த்து, "அது வேற, இது வேற" என்றார்.