வைகாசிப் பனிக்கு வழி கேக்குகவனுக்கு

எலேய் மக்கா, வைகாசி கடைசியில இமயமலை ஹம்ப்டா கணவாய்க்குப் போறியாம்லா? கொள்ளாம். இங்க எடவப்பாதி மழையில வரப்பு வெட்ட ஆளு கிட்டாம உங்கப்பன் அலையுகான். நீ அந்த நேரம் பாத்து மணாலிக்கு டிக்கெட் போட்டிருக்கே. மழைக்குப் பயந்து பனிக்குள்ள ஒளிஞ்ச வீரன்னு ஊரு ஒன்ன மெச்சத்தான் செய்யும். நாகர்கோவில்ல திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா டெல்லி நிஜாமுதீனுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கிட்ட வரும். 1,330 குறளையும் படிச்சு முடிச்சிரலாம். நீ ரீல்ஸ் பாப்பே, அது எனக்குத் தெரியும்.

பெட்டி பெட்டியா சாமானம் வந்து எறங்கியிருக்காமே. எல்லாத்தையும் பையில தள்ளி, முதுகுல மாட்டி, மருந்துவாழ் மலையில ஒருக்கா ஏறிப் பாரு. அனுமாரு சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போகையில விழுந்த துண்டும்பாவ அத. அனுமாருக்கே கை நழுவுன எடம், நீ எம்மாத்திரம்? பாதிப்படி ஏறுகதுக்குள்ள பையில எது வேண்டாம்னு ஒனக்க முட்டு சொல்லித் தரும். முட்டு சொல்லுக புத்திய எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான்.

நம்ம மகேந்திரகிரி 1,654 மீட்டர். அதுக்கு மேல இன்னொரு மகேந்திரகிரிய வையி, அதுக்கும் மேல பாதிய வையி. ஹம்ப்டா 4,270 மீட்டர், அதையும் கொஞ்சம் தாண்டி நிக்கும். குல்லுப் பக்கத்து ஆட்டிடையன்மாரு மந்தைய லாகுலுக்கு ஓட்டுக வழி அது. ஒனக்கு அது சாகசம், அவனுக்கு மேய்ச்சல். ஆனா அவன் பனி வழி விடுக வரைக்கும் கீழ காத்துக் கெடப்பான். ஒனக்குத்தான் லீவு பத்து நாளு, பனிதான் ஒனக்கு ஒதுங்கணும்.

குளிர்காலத்துல விழுந்த பனி ஜூன் மாசமும் அங்க மண்டிக் கெடக்கும். ராத்திரி இறுகும், வெயில் ஏற ஏற இளகும். அதனால நீ ஒன்பது மணிக்கு எழும்பு, சாயா குடி, போட்டோ எடு, பதினோரு மணிக்கு நட. கும்பப்பூ நடவுக்கு உழுது போட்ட வயல்ல செருப்போட எறங்குனவன் கணக்கா, ஒரு காலை உருவுனா மத்த காலு தொடை வரைக்கும் புதையும். நல்ல தமாசா இருக்கும். கூட வாற வழிகாட்டி இருட்டோட வந்து எழுப்புனா, அவனுக்கு உறக்கம் வரலைன்னு நெனச்சுக்க.

ஓடை சமாச்சாரமும் கேட்டுக்க. நம்ம பழையாத்துல மழை பெஞ்சா வெள்ளம். அங்க வெயிலடிச்சா வெள்ளம். காலையில முட்டளவு ஓடுகது, பனி உருகி மத்தியானத்துக்கு மேல இடுப்பளவுக்கு வந்து நிக்கும். சில எடத்துல ஓடைக்கு மேல பனியே பாலம் போட்டுக் கெடக்கும். மேல வெள்ளையா, நெரப்பா இருக்கும். அடியில தண்ணி அரிச்சுப் பொள்ளையாக்கியிருக்கும். காண்ட்ராக்டர் கட்டுன பாலத்துல போயே பழகுனவன் நீ, பயமில்லாமத்தான் கால வைப்பே. வழிகாட்டி கம்பால குத்திப் பாத்து சரின்னு சொல்லட்டும், பெறவு வையி.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைஞ்சா லேசுல காயாது, ஒடம்புச் சூட்டையும் உறிஞ்சிரும். கம்பிளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூட்டைப் பிடிச்சு வைக்கும். நீ பவுசுக்கு வாங்குனதுல கூலிங்கிளாஸ் ஒண்ணுதான் உருப்படி. புதுப்பனி, புற ஊதாக் கதிருல நூத்துக்கு எம்பது பங்க திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லைன்னா கண்ணு எரிஞ்சு தொறக்க முடியாமப் போவும். அங்க வெயிலு கீழேயிருந்தும் வரும் மக்கா, மூக்குக்கு அடியிலயும் தோலு உரியும்.

சாப்பாட்டுக் காரியத்த பட்டாளத்துச் சமையக்கட்டுல நின்ன இந்தப் பாட்டாக்கிட்ட கேளு. 4,000 மீட்டர்ல தண்ணி 87 டிகிரிகிட்டயே கொதிச்சிரும். கொதிக்கும், ஆனா அரிசி லேசுல வேவாது. உங்கம்ம ஆசையா சம்பா அரிசி கெட்டித் தருவா. வேண்டாம்னு சொல்லாம வாங்கி, ரெயில்ல ஏறுகதுக்கு முன்ன எனக்க வீட்டுல வச்சுட்டுப் போ. அவலும் கருப்பட்டியும் கொண்டு போ, அதுக்கு அடுப்பே வேண்டாம்.

இனி தலைவலி. 3,000 மீட்டருக்கு மேல போனா, ராத்திரி படுக்குக எடத்த நாளுக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு டாக்டர்மாரு சொல்லுகாவ. தலை வலிச்சா அதுக்கு மேல ஏறாதே. வாந்தியும் தள்ளாட்டமும் சேந்துதா, உடனே எறங்கு. மாத்திரைய முழுங்கிட்டு மறைச்சு ஏறுகவனச் சுமக்க நாலு பேரு வேணும். அந்த நாலு பேருக்க கூலி ஒனக்க பேக்கேஜ்ல சேந்திருக்கான்னு இப்பமே கேட்டு வச்சுக்க.

ஒரு காரியத்துல மட்டும் எனக்குக் கேலி வராது. 2024 ஜூன் தொடக்கத்துல, உத்தரகண்டுல சகஸ்திர தால் பாதையில, கர்நாடகத்துல இருந்து போனவங்க பனிப்புயல்ல மாட்டி 9 பேரு செத்துப் போனாவ. மத்தவங்களக் காப்பாத்த விமானப்படை ஹெலிகாப்டரும் போச்சு. நீ போறதும் அதே மாசம். வானம் கறுத்து, வழிகாட்டி திரும்பணும்னு சொன்னா, கட்டுன காசைக் கணக்குப் பாக்காதே. திரும்பு.

ஊர்ல மானம் போயிருமேன்னு யோசிக்காதே மக்கா. வந்தவொடனே ‘ஹம்ப்டா ஏறியாச்சு’ன்னு சொல்லு. இங்க ஹம்ப்டா கெழக்கா மேக்கான்னு எவனுக்கும் தெரியாது. அப்படியும் எவனாவது குறுக்குக் கேள்வி கேட்டா, பட்டாளத்துக்காரன் நான் சாட்சி சொல்லுகேன். சாட்சிக் கூலி ஒரு குல்லுச் சால்வை. கடைக்காரன் சொல்லுக வெலையில பாதிக்குக் கேளு. அந்த எடத்துல மட்டும் பின்வாங்கிராதே.